ஆளுநருக்கு வாக்குப்பெட்டி இல்லை: மாகாண சபைத் தேர்தலுக்கு வன்னி வாக்காளர் ஆயத்தமாவது எப்படி

வட மாகாண ஆளுநரை நாம் எப்போது தெரிவு செய்யப் போகிறோம் என்று கேட்பவர்கள் கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னியில் இன்று குறைவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து மாகாணத்தின் பெயரில் வெளிவரும் நியமனங்கள், இடமாற்றங்கள், திறப்பு விழாக்கள் எல்லாவற்றிலும் ஆளுநரின் பெயரே அடிபடுகிறது. 2013 இல் பதினெட்டு வயது நிரம்பாதிருந்த ஒருவர் இன்றுவரை மாகாண சபைக்கு ஒரு புள்ளடிகூட (வாக்குச்சீட்டில் இடும் × அடையாளம்) இட்டதில்லை. ஆகவே எதற்கு வாக்களிக்கலாம், எதற்கு முடியாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டு, பின்னர் தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு முன்னும் வாக்களிப்பு நாளிலும் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

ஆளுநர் தெரிவு செய்யப்படுபவர் அல்லர். 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்ந்த 154ஆ உறுப்புரையின்படி, அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள் எனினும் ஜனாதிபதி விரும்பும்வரை மட்டுமே அவர் பதவியில் இருக்கலாம். வட மாகாணத்தில் 2009 முதல் ஆளுநராக இருந்த மேஜர் ஜெனரல் ஜி.ஏ. சந்திரசிறியின் இடத்துக்கு 2015 இல் முன்னாள் இராஜதந்திரியான எச்.எம்.ஜி.எஸ். பளிஹக்கார வந்தார். சிவில் அதிகாரி ஒருவர் வேண்டும் என்ற கோரிக்கை அதற்கு முன்பே நீண்ட காலம் எழுப்பப்பட்டு வந்தது. ஆயினும் 2015 ஜனவரியில் ஜனாதிபதி மாறிய பிறகுதான் அது நிறைவேறியது. ஆகவே ஆளுநர் யார் என்பதில் உங்கள் வாக்குக்கு இருக்கும் ஒரே பங்கு, ஜனாதிபதித் தேர்தல் வழியே சுற்றிச் செல்லும் பங்குதான்.

ஆனால் ஆளுநர் எவ்வளவு தூரம் தன்னிச்சையாகச் செயற்படலாம் என்பது சபை இருக்கிறதா இல்லையா என்பதைப் பெரிதும் பொறுத்தது. சபை இருந்தால், முதலமைச்சரும் நால்வருக்கு மேற்படாத ஏனைய அமைச்சர்களும் கொண்ட அமைச்சர் சபையின் ஆலோசனையின்படியே ஆளுநர் பொதுவாகத் தமது பணிகளை ஆற்ற வேண்டும். அரசியலமைப்பு அவரது தற்றுணிபுக்கு, அதாவது சொந்த முடிவுக்கு, விட்டவை மட்டும் விதிவிலக்கு. சபை இயற்றும் சட்டங்களான நியதிச்சட்டங்களுக்கு அவர் சம்மதம் அளிக்க வேண்டும்; நிதி சார்ந்தவற்றுக்கு அவரது பரிந்துரை முன்கூட்டியே தேவை; மாகாண அரச சேவையின் மீதான அதிகாரமும் சட்டப்படி அவரிடமே தொடங்குகிறது. இந்தப் பிடி இறுக்கமானது என்பதை மறைப்பதில் பயனில்லை. எனினும் கேள்வி கேட்கவும் தீர்மானம் நிறைவேற்றவும் ஒரு சபை இருக்கும்போதும், அது இல்லாதபோதும் உள்ள வேறுபாட்டைத் துணுக்காயிலோ மடுவிலோ ஆசிரியர் இல்லாத ஒரு பாடசாலையின் அதிபரிடம் கேட்டால் அவர் இலகுவாக விளக்குவார்.

தேர்தல் ஏன் நடக்கவில்லை என்பதையும் சுருக்கமாக அறிந்துகொள்ளுங்கள். 2017 இல் மாகாண சபைத் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, தொகுதிவாரி முறையும் விகிதாசார முறையும் கலந்த ஒரு முறை கொண்டுவரப்பட்டது. அதற்காகத் தயாரிக்கப்பட்ட தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை என்ற நிலையில் ஒன்பது மாகாணங்களும் முடங்கின. கீழே விளக்கப்படுவது 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதி வட மாகாணத்தில் பயன்படுத்தப்பட்ட விகிதாசார, விருப்பு வாக்கு முறை. தேர்தல் அறிவிக்கப்படும்போது எந்த முறை என்பதைத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் அறிவித்தலில் முதலில் உறுதிப்படுத்துங்கள். வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பு, அடையாள அட்டை, வாக்களிப்பு நிலைய நடைமுறை ஆகியவை எந்த முறையானாலும் மாறப்போவதில்லை.

எந்த வன்னி?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பாராளுமன்றத் தேர்தலில் வன்னி என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்த ஒரே தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி அதில் இல்லை. அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. மாகாண சபைத் தேர்தலில் அவ்வாறு கிடையாது. ஒவ்வொரு நிர்வாக மாவட்டமும் தனித்தனியே தனது உறுப்பினர்களைத் தெரிவு செய்கிறது. 2013 இல் கிளிநொச்சிக்கு 4, மன்னாருக்கு 5, முல்லைத்தீவுக்கு 5, வவுனியாவுக்கு 6, யாழ்ப்பாணத்துக்கு 16 என 36 ஆசனங்கள் பகிரப்பட்டன. மாகாணத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிகமாக 2 ஆசனங்கள் சேர்ந்து சபை 38 உறுப்பினர்களைக் கொண்டது.

இதனால் மாங்குளத்தில் வசிப்பவர், பாராளுமன்றத் தேர்தலில் வவுனியா நகர வேட்பாளர் ஒருவருக்கு விருப்பு வாக்கு இட்டிருந்தாலும், மாகாண சபைத் தேர்தலில் முல்லைத்தீவு மாவட்டப் பட்டியலில் உள்ளவருக்கு மட்டுமே இட முடியும். பரந்தனில் இருப்பவருக்கு யாழ்ப்பாண வேட்பாளர்கள் வாக்குச்சீட்டில் வரவே மாட்டார்கள். கட்சிகள் மேடைக்கு அழைத்து வரும் பெரிய பெயர்களைக் கேட்டுவிட்டு, அந்தப் பெயருக்குரிய இலக்கத்தை உங்கள் சீட்டில் தேடினால், அதே இலக்கம் முற்றிலும் வேறொருவருடையதாக இருக்கும்.

இடாப்பில் பெயர்

வாக்குரிமையின் முதற்படி தேருநர் இடாப்பு. ஆண்டுதோறும் இடாப்பு மீளாய்வு செய்யப்படும்போது கிராம அலுவலர், அதாவது நம்மவர்கள் இன்னும் விதானையார் என்று சொல்பவர், வீட்டுக்குரிய படிவத்தைத் தருவார் அல்லது விவரங்களைக் கேட்டுப் பதிவார். வீட்டில் சாதாரணமாக வசிக்கும், பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லோருடைய பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும் அதில் இடம்பெற வேண்டும். பின்னர் வரைவுப் பட்டியல் கிராம அலுவலரின் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படும். அந்த நாட்களில் போய்ப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. பெயர் விடுபட்டிருந்தால் உரிமைக் கோரிக்கை செய்யக்கூடிய காலம் அதுதான். தேர்தல் அறிவித்தல் வந்தபின், ஏற்கனவே அத்தாட்சிப்படுத்தப்பட்ட இடாப்பிலேயே தேர்தல் நடக்கும். அலுவலகத்துக்குச் செல்ல இயலாதவர்கள் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் மாவட்டத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுத்துத் தமது பதிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

வன்னிக்கு உரிய சில சிக்கல்கள் உள்ளன. காணிப் பத்திரம் இல்லாதவர்கள், குறிப்பாக 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள், பத்திரம் இல்லை என்பதால் இடாப்பில் சேர முடியாது என்று எண்ணுகிறார்கள். இடாப்புக்குத் தேவை வசிப்பிடம். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ அதற்கு நிபந்தனை இல்லை. பிறர் காணியில் குடியிருப்பவரும், தற்காலிகக் கொட்டிலில் இருப்பவரும் பதியலாம். தமிழகத்து அகதி முகாம்களில் பிறந்து திரும்பியவர்களுக்கு நிலைமை சற்றுக் கடினம்: இலங்கைக் குடியுரிமைப் பதிவு, அதன்பின் அடையாள அட்டை, அதன்பின் இடாப்பு என்ற ஒழுங்கில்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், தேர்தல் பேச்சு எழும்வரை காத்திருக்காமல் பிரதேச செயலகத்தில் இப்போதே தொடங்குவது நல்லது.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்தும் ஏனைய வடக்கு மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் நிலை வேறு. சில குடும்பங்கள் இரண்டு இடங்களிலும் வீடு வைத்திருக்கின்றன. இரண்டு இடாப்புகளில் பெயர் இருக்க முடியாது. எங்கே பதிவது என்பதைக் குடும்பமாகத் தீர்மானித்து, ஒரு இடத்தில் மட்டும் பதியுங்கள். உள்ளக இடப்பெயர்வுக்கு உள்ளானவர்கள் தமது சொந்த இடத்தில் பதிவதற்கு 2017 இல் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. முன்னைய தேர்தல்களில் இத்தகைய வாக்காளருக்காகப் புத்தளத்தில், இருந்த இடத்திலேயே வாக்களிக்கக்கூடிய கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. அதற்கான விண்ணப்ப முடிவுத் திகதி தேர்தலுக்குத் தேர்தல் மாறும். அதைத் தவறவிட்டால் வாக்களிப்பு நாளன்று பேருந்து பிடித்து மன்னாருக்கு வர நேரிடும்.

அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும்

இவ்விரண்டில் கட்டாயமானது அடையாள ஆவணமே. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதியர் அடையாள அட்டை, சமூக சேவைத் திணைக்களம் வழங்கும் முதியோர் அட்டை, ஆட்பதிவுத் திணைக்களம் மதகுருமாருக்கு வழங்கும் அட்டை ஆகியவை ஏற்கப்படும். தபாலில் வரும் வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டாலும் வாக்களிக்கலாம். அதில் உள்ள தொடரிலக்கமும் நிலையத்தின் பெயரும் வேலையை விரைவாக்கும், அவ்வளவுதான். அது வந்து சேராவிட்டால் உரிய தபாலகத்தில் கேட்டுப் பெறுங்கள். ஆனால் அடையாள ஆவணம் இல்லாமல் வாக்காளர் அட்டையை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

போரில் ஆவணங்களைத் தொலைத்துப் பிரதி எடுக்காமலே காலம் கடத்தியவர்கள் இன்றும் உள்ளனர். எழுத்து அழிந்து, படத்தில் முகம் தெரியாமல் போன பழைய அட்டையும் சிக்கல் தரும். இத்தகையவர்கள் புகைப்படத்துடன் கிராம அலுவலரிடம் விண்ணப்பித்து, தேர்தல்கள் ஆணைக்குழு வழங்கும் தற்காலிக அடையாள அட்டையைப் பெறலாம். விண்ணப்பம் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னதாகவே நிறுத்தப்படும்.

தூரத்தில் வேலை செய்பவர்கள்

தபால் மூல வாக்களிப்பு அரச ஊழியர், பொலிஸார், படையினர், தேர்தல் கடமையில் இருப்போர் போன்ற குறிப்பிட்ட வகையினருக்கே உரியது. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் முள்ளியவளைப் பெண்ணுக்கோ, கொழும்பில் கடையில் நிற்கும் செட்டிகுளத்து இளைஞருக்கோ அது கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்தபடி வாக்களிக்கவும் வழியில்லை. ஆனால் தனியார் துறை ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை கேட்கும் உரிமை உண்டு. வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றர் அல்லது குறைவான தூரத்தில் இருந்தால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்பது முன்னைய தேர்தல்களில் அறிவிக்கப்பட்ட அளவு. கட்டுநாயக்கவிலிருந்து முல்லைத்தீவு மாவட்டத்துக்கு வருவோருக்கு இரண்டு நாள் உரியது. வாய்ப்பேச்சில் கேட்காமல் எழுத்தில் கேட்டு, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குச்சீட்டில் என்ன செய்வது

நம்மவர்களின் வாக்குகள் வீணாவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் நாம் மூன்று விதமான வாக்குச்சீட்டுகளைக் கண்டோம். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என இலக்கமிட்டு விருப்பத்தைக் காட்டலாம். உள்ளூராட்சித் தேர்தலில் கட்சிக்கு எதிரே ஒரே ஒரு புள்ளடி, வேறொன்றும் இல்லை. மாகாண சபைத் தேர்தலின் விருப்பு வாக்கு முறை பாராளுமன்றத் தேர்தலை ஒத்தது: கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு ஒரு புள்ளடி, அதன்பின் அந்தப் பட்டியலிலுள்ள வேட்பாளர்களில் மூவருக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு.

சீட்டின் மேற்பகுதியில் கட்சிகளின் பெயர்கள் மூன்று மொழிகளிலும், எதிரே சின்னமும், அதற்கு எதிரே வெற்றுக் கட்டமும் இருக்கும். முதலில் நீங்கள் விரும்பும் சின்னத்துக்கு எதிரேயுள்ள கட்டத்துக்குள், கோடுகள் வெளியே நீளாமல், தெளிவாக ஒரு புள்ளடி இடுங்கள். சீட்டின் கீழ்ப்பகுதியில் இலக்கங்கள் மட்டும் கட்டங்களில் இருக்கும், பெயர்கள் இராது. ஒவ்வொரு பட்டியலிலும் தெரிவு செய்யப்பட வேண்டியோரின் தொகையைவிட மூவர் கூடுதலாக இருப்பர் என்பதால், ஐந்து ஆசனம் கொண்ட முல்லைத்தீவில் 1 முதல் 8 வரையான இலக்கங்கள் வரும். உங்கள் வேட்பாளரின் இலக்கத்தின் மீது புள்ளடி இடுங்கள். ஒருவருக்கும் இடலாம், இருவருக்கும் இடலாம், மூவருக்கும் இடலாம். ஜனாதிபதித் தேர்தலின் பழக்கத்தில் அங்கே 1, 2, 3 என்று எழுத வேண்டாம்.

கவனிக்க வேண்டியது: இலக்கம் 3 என்பது எல்லாக் கட்சிகளிலும் உண்டு. நீங்கள் மேலே புள்ளடியிட்ட கட்சியின் மூன்றாம் இலக்கக்காரருக்கே அந்த வாக்குச் சேரும். ஒரு கட்சிக்குப் புள்ளடியிட்டுவிட்டு, ஒன்றுவிட்ட அண்ணன் வேறு கட்சியில் நிற்கிறார் என்று அவருடைய இலக்கத்தில் விருப்பு வாக்கு இட்டால், அண்ணனுக்கு அது போய்ச் சேராது. முன்பின் தெரியாத ஒருவர் நன்றி சொல்லாமல் பெற்றுக்கொள்வார்.

கட்சிக்குப் புள்ளடியிடாமல் இலக்கங்களில் மட்டும் இட்டால் சீட்டு முழுவதும் செல்லாது. இரு கட்சிகளுக்கு இட்டாலும் செல்லாது. மூன்றுக்கு மேற்பட்ட விருப்பு வாக்குகள் இட்டால் விருப்பு வாக்குகள் மட்டும் தள்ளப்பட்டு, கட்சி வாக்கு எண்ணப்படும். உங்களை அடையாளம் காட்டும் பெயரோ கையொப்பமோ சீட்டில் இருந்தால் அது நிராகரிக்கப்படும். கோபத்தில் எழுதப்படும் வசனங்களும் வாக்கைக் கெடுக்கவே உதவும். சீட்டைப் பெறும்போது பின்புறத்தில் உத்தியோக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை வெளியே தெரியும்படி மடித்துப் பெட்டியில் இடுங்கள்.

ஒரு வாக்கு எதைச் சாதிக்கும் என்று அலுத்துக்கொள்பவர்கள் 2013 இன் மன்னார் முடிவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழரசுக் கட்சியின் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 33,118, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 15,104, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 4,571 வாக்குகள் பெற்றன. மிகக் குறைந்த வாக்குப் பெற்ற ஏனையவற்றைத் தள்ளினால் மூன்றின் கூட்டுத்தொகை 52,793. ஐந்து ஆசனங்களால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 10,559. முதலாவது பட்டியலுக்கு மூன்று முழு ஆசனங்கள். இரண்டாவதுக்கு ஒன்று, எஞ்சியது ஏறத்தாழ 4,545. மூன்றாவதுக்கு முழு ஆசனம் இல்லாவிட்டாலும் அதன் 4,571 எஞ்சிய வாக்குகளுள் மிகப் பெரியது. ஆகவே ஐந்தாவது ஆசனம் முஸ்லிம் காங்கிரசுக்குப் போனது. 4,545க்கும் 4,571க்கும் இடையிலான அந்த 26 வாக்கு இடைவெளியை ஒரு சிறு கிராமம் நிரப்பியிருக்கும்.

வாக்களிப்பு நாளும் அதற்கு முன்னரும்

வாக்களிப்புப் பொதுவாகக் காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடியும். காட்டுப் பாதை வழியே வர வேண்டிய கிராமங்களில், மாலையில் யானை நடமாட்டம் உள்ள இடங்களில், காலையிலேயே சேர்ந்து புறப்படுவதே புத்திசாலித்தனம். உள்ளே ஒருவர் உங்கள் பெயரையும் இலக்கத்தையும் உரக்க வாசிப்பார். கட்சி முகவர்கள் தமது பட்டியலில் அடையாளமிடுவார்கள். அது நீங்கள் வந்தீர்கள் என்பதற்கான பதிவு மட்டுமே; நீங்கள் யாருக்கு இட்டீர்கள் என்பதை அவர்களால் அறிய இயலாது. விரலில் மை பூசப்பட்ட பின் சீட்டுத் தரப்படும். கைபேசியை வெளியே விட்டுச் செல்லுங்கள். இட்ட சீட்டைப் படமெடுத்துக் காட்டும்படி யாரேனும் கேட்டிருந்தால், அதைச் செய்வது குற்றம் என்று சொல்லி விலகிக்கொள்ளலாம்.

பார்வையற்றவரும் உடற்குறையால் தாமாகப் புள்ளடியிட முடியாதவரும் தமது நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணையாக அழைத்துச் செல்லலாம். போரில் கையையோ பார்வையையோ இழந்தவர்கள் நம் ஊர்களில் பலர். துணையாக வருபவர் வேட்பாளராகவோ முகவராகவோ இருக்கக்கூடாது. அதற்குரிய தகைமைச் சான்றுப் படிவத்தை முன்கூட்டியே கிராம அலுவலரிடம் கேட்டுப் பெறுங்கள். உங்கள் பெயரில் ஏற்கனவே யாரோ வாக்களித்துவிட்டதாகச் சொல்லப்பட்டால் வாக்குவாதப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரிடம் அடையாளத்தை நிறுவி, வெளிப்படுத்தல் (உறுதிக்கூற்று) ஒன்றில் ஒப்பமிட்டு, இதற்கென உள்ள தனியான சீட்டில் வாக்களிக்கக் கேளுங்கள்.

அதற்கு முன்னைய வாரங்களில் வேட்பாளர்கள் வீடு தேடி வருவார்கள். அப்போது மாகாண சபைக்கு உரியதைக் கேளுங்கள். மாகாணப் பாடசாலைகள், பிரதேச வைத்தியசாலைகள், மாகாண வீதிகள், விவசாய விரிவாக்கம், கூட்டுறவு, மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசனக் குளங்கள் ஆகியவை அவர்கள் பதில் சொல்ல வேண்டிய விடயங்கள். வனவளத் திணைக்களம் உங்கள் மேட்டுக்காணியில் நட்ட எல்லைக் கல்லைப் பிடுங்கித் தருவேன் என்று ஒருவர் வாக்குறுதி தந்தால், அது மத்திய அரசின் திணைக்களம் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். குரல் கொடுப்பேன் என்று சொன்னால் அது நேர்மையான பதில். சேலையும் உலர் உணவுப் பொதியும் தந்து வாக்குக் கேட்பது சட்டவிரோதம். முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்திலோ மாவட்டச் செயலகத்தில் இயங்கும் தேர்தல் முறைப்பாட்டுப் பிரிவிலோ திகதி, இடம், நேரம் குறித்துக் கொடுங்கள்.

முடிவு வந்த பிறகும், தேர்தல் வராத வரையிலும்

முடிவுகள் வெளியானதும் ஆளுநரின் பங்கு மீண்டும் தொடங்குகிறது. சபையின் பெரும்பான்மை ஆதரவைப் பெறக்கூடியவர் என்று தாம் கருதும் உறுப்பினரை அவர் முதலமைச்சராக நியமிப்பார். ஆனால் ஒரு கட்சி பாதிக்கு மேற்பட்ட ஆசனங்களைப் பெற்றிருந்தால் அக்கட்சியின் சபைத் தலைவரையே நியமித்தாக வேண்டும். அங்கே அவருக்குத் தெரிவு இல்லை. 2013 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இல் 30 ஆசனங்களைப் பெற்று, சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். ஆளுநரை நீக்குமாறு ஜனாதிபதிக்கு ஆலோசனை கூறவும் சபைக்கு வழியுண்டு: அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியமை, அதிகாரத் துஷ்பிரயோகத்தோடு கூடிய ஊழல் போன்ற காரணங்களின் பேரில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். 38 பேர் கொண்ட சபையில் அது 26 பேர்.

சபை இல்லாத இடைக்காலத்தில் உங்கள் கையில் உள்ள கருவி 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் ஊர்ப் பாடசாலைக்கு ஒதுக்கப்பட்ட நிதி எவ்வளவு, குளக்கட்டுத் திருத்த ஒப்பந்தம் யாருக்குப் போனது போன்ற கேள்விகளை உரிய மாகாண அமைச்சின் அல்லது திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பதில் வராவிட்டாலோ மறுக்கப்பட்டாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள்.